மூன்றாவது வரிசையில் என் யானை

செஸ் போட்டியின் ஐந்தாவது சுற்றுக்கான பேரிங், அதாவது யாருக்கு எதிரே யார் என்ற பட்டியல், இரவு பத்தரை மணிக்கு வந்தது. லாட்ஜ் அறையில் மகள் தூங்கிவிட்டாள். போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு பட்டியலில் என் பெயரைத் தேடினேன். 41ஆம் போர்டு, கறுப்புக் காய்கள். எதிரே ஒரு பெண்ணின் பெயர். அவள் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1772, என்னுடையது 1612.

ஆண் பெண், சிறியவர் பெரியவர் எல்லோரும் கலந்து ஆடும் ஓப்பன் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். முந்தைய நான்கு சுற்றிலும் என் எதிரே உட்கார்ந்தவர்கள் பையன்கள்தான். அதில் ஒருவனுக்குக் கால் தரையைத் தொடவில்லை. கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி அரங்கம், வரிசை வரிசையாக மேசைகள், அதில் பெண்கள் ஆடும் போர்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்வது இன்னும் குறைவு.

எனக்கு வயது 38. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்லூரி முடிக்கும்வரை ஆடினேன், பிறகு கல்யாணம், வேலை, குழந்தை. பதின்மூன்று வருஷம் போட்டிப் பக்கமே போகவில்லை. 2022 ஆகஸ்டில் மகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் பார்க்கப் போனேன். நிறைமாதக் கர்ப்பிணியாக இந்திய வீராங்கனை ஹரிகா உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஆடிய இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. திரும்பி வரும் பஸ்ஸில் மகள் கேட்டாள், "அம்மா, நீயும் ஆடுவதானே, ஏன் விட்டுட்ட?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதமே ஒரு போட்டிக்குப் பணம் கட்டினேன்.

முதலில் எனக்குக் கிடைத்த ரேட்டிங் 1280. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரு கணக்குப்படி உயர்த்தியது. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பத்தில் நான்கு பங்கைக் கூட்டினார்கள். எனக்கு 288 கூடி 1568 ஆனது. அங்கிருந்து 1612க்கு வந்தது மட்டும் நான் ஆடிச் சம்பாதித்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ரேட்டிங்கை மனதில் வைத்துக்கொண்டு எதிராளியை எடை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இப்போது உதவாது.

காலை 10 மணிக்குச் சுற்று. போனை ஆஃப் செய்து மகளிடம் கொடுத்தேன். பையில் வைத்திருந்தாலும் மணி அடித்தால் ஆட்டம் போச்சு. வெளி வராந்தாவில் வழக்கம்போல அப்பா அம்மாக்கள் பாயும் செய்தித்தாளும் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளி, தண்ணீர் கேன், பாதி முடிந்த ஸ்வெட்டர் பின்னல். அவர்களில் ஒரு பாட்டியிடம் மகளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.

என்னோடு ஆடப்போகிறவள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம் என்று பிறகு தெரிந்தது, வயது 19. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை, பெரிய ஸ்வெட்டர், கையில் நீல ரீஃபில் பேனா. தன் காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கட்டத்தின் நடுவில் வைத்து, லேசாகத் திருகி நிறுத்திக்கொண்டிருந்தாள். குதிரைகளின் முகம் இரண்டும் முன்னே பார்த்தன. கை குலுக்கும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. ஏசி அவ்வளவு குளிர். நான் சால்வை கொண்டு போயிருந்தேன். பெண் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு மணி நேரம் குளிரில் அசையாமல் உட்காரப் போகிற பிள்ளைக்கு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) புத்தகத்தைவிட முதலில் தேவை ஒரு ஸ்வெட்டர். மாதவிலக்கு நாட்களில் வயிற்றுவலியோடு குளிரும் சேர்ந்தால் மூளை வேலை செய்யாது. நாப்கினைப் பையில் வைத்துவிட்டு, கழிவறை எங்கே, தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளே ஒரு நடை பார்த்துவிடுவது என் பழக்கம். நம் மூவ் ஓடும்போது ஆர்பிட்டரை (நடுவரை) கேட்காமல் அரங்கை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால் எதிராளியின் நேரத்தில் எழுந்து போய் வர வேண்டும். கழிவறை இரண்டு மாடி தள்ளி இருந்தால் எந்த நேரத்தில் எழுவது என்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

நேரக் கட்டுப்பாடு ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடும்.

அவள் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். நான் காரோ-கான் என்ற ஓப்பனிங்கை ஆடினேன். (கட்டங்களுக்குப் பெயர், நெடுக்கு வரிசைக்கு ஏ முதல் எச் வரை ஓர் எழுத்தும், குறுக்கு வரிசைக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை ஓர் எண்ணும்.) மூன்றாவது மூவில் அவள் சிப்பாயை இ5க்குத் தள்ளினாள், நான் பிஷப்பை எஃப்5க்குக் கொண்டுவந்தேன். உடனே எச்4. இந்த இடம் எனக்குத் தழும்பு. திரும்பி ஆட வந்த முதல் போட்டியில் இதே இடத்தில் யோசிக்காமல் சிப்பாயை இ6க்கு ஆடினேன். வெள்ளை ஜி4 தள்ளியது, பிஷப் இ4க்கு ஓடியது, எஃப்3 வந்தது, ஜி6க்கு ஓடியது, எச்5 வந்து கூண்டில் மாட்டிக்கொண்டது. எட்டாவது மூவிலேயே ஒரு பிஷப் போனது. அன்றிரவு ஒரு நோட்டில் அந்த நிலையை வரைந்து, பக்கத்தில் "எச்4க்கு எச்5" என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். நோட்டில் இருந்தது இப்போது கைக்கு வந்தது. எச்5 ஆடினேன். அவள் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொறி தெரிந்த ஆள் என்று புரிந்துகொண்டாள் போல.

ஓப்பனிங் படிப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. வேலையும் வீடும் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் இருபது மூவ் ஆழத்துக்கு மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. நீங்கள் எந்த இடத்தில் தோற்றீர்களோ அந்த இடத்தை மட்டும் எழுதி வையுங்கள். தோற்ற இடம் மறக்காது. வாங்கிப் போட்ட கோர்ஸ் மறந்துபோகும்.

நடு ஆட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளைக் கட்ட பிஷப்புகள் வெட்டுப்பட்டன, ராணிகள் இருபதாவது மூவையொட்டி மாறின. எச்5 சிப்பாயைக் காப்பாற்றுவதிலேயே என் கவனம் இருந்தது. 31ஆவது மூவில் எண்ணிக்கையில் தவறினேன். அவள் இரண்டு காய்களால் அதைத் தாக்கினாள், நான் ஒன்றால் காத்தேன், காப்பது இரண்டு என்று நினைத்துக்கொண்டு. சிப்பாய் போனது. கணக்கு டீச்சருக்கு இரண்டு வரை எண்ணத் தெரியாமல் போன அந்த நிமிடம் காது மடல் சூடானது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எண்ணியது தப்பில்லை. மூன்று மூவ் முன்பு எண்ணிய எண்ணிக்கையையே நம்பி, குதிரை இடம் மாறிய பிறகு திரும்ப எண்ணாமல் விட்டதுதான் தப்பு. இப்போதெல்லாம் எதிராளி காய் வைத்ததும் பேனாவை எடுத்து அவர் மூவை எழுதிவிட்டு, எழுதி முடிக்கும் வரை என் மூவைப் பற்றி யோசிப்பதில்லை. அந்த ஐந்து விநாடியில் போர்டில் என்ன மாறியது என்று மட்டும் பார்க்கிறேன்.

ஒரு சிப்பாய் குறைவாக யானை எண்ட்கேமுக்குள், அதாவது ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தேன். அவளுக்கு நான்கு, எனக்கு மூன்று, எல்லாம் ராஜா பக்கத்திலேயே. அப்போது எனக்கு ஒரே ஒரு விஷயம் தைரியம் கொடுத்தது. சிப்பாய் குறைவாக இருப்பவன் சிப்பாய்களை மாற்றிக்கொண்டே போக வேண்டும், போர்டு காலியாகக் காலியாக டிரா நெருங்கும். அதிகமாக இருப்பவன் சிப்பாய்களை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் இதை ஒரு பாட்டு மாதிரிச் சொல்ல வைப்பார். நான் கிடைத்த இடத்திலெல்லாம் மாற்றினேன். நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு ஆனது. 50ஆவது மூவ் தாண்டும்போது அவளிடம் இ5இல் ஒரே ஒரு சிப்பாய், என்னிடம் எதுவும் இல்லை. இருவருக்கும் ஆளுக்கொரு யானை.

இந்த நிலைக்கு ஃபிலிடோர் நிலை என்று பெயர். ஃபிலிடோர் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், தன் காலத்தில் பெயர்பெற்ற இசையமைப்பாளர், ஓபரா எழுதியவர். செஸ்ஸில் அவர் விட்டுப்போனதில் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு நிலைதான். அதைப் பொறுமையாகச் சொல்கிறேன். ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டவர் டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளிகளை ஆயுள் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

என் ராஜா இ8இல், அவள் சிப்பாய்க்கு நேர் எதிரே. அவள் ராஜா டி5, சிப்பாய் இ5, யானை எச்7. என் யானை பி6. அதாவது என் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசை. அந்த வரிசையில் என் யானை நிற்கும்வரை அவள் ராஜா அதே வரிசைக்கு, அவள் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது வரிசைக்கு, ஏற முடியாது. ஏறாமல் அவளால் ஜெயிக்கவும் முடியாது. நான் செய்ய வேண்டியது பி6, ஏ6, பி6, ஏ6 என்று யானையை அந்த வரிசையிலேயே ஆட்டிக்கொண்டிருப்பது. பொறுமை இழந்து அவள் சிப்பாயை இ6க்குத் தள்ளினால் அந்த விநாடி நான் யானையை நேரே கீழே, அவள் பக்கத்து முதல் வரிசைக்கு இறக்க வேண்டும். சிப்பாய் மேலே போய்விட்டதால் ராஜாவுக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சிப்பாய் தள்ளும் முன் யானை கீழே போகக் கூடாது, தள்ளிய பின் மேலே நிற்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். ஆனால் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து, பசியில் கண் இருட்டும்போது, தெரிந்ததையும் கை மாற்றி ஆடும். அதனால்தான் அந்த சார் இதை விளக்கி முடித்ததும் விடாமல், கடிகாரம் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஐம்பது தடவை ஆடவைத்தார். அப்போது அலுப்பாக இருந்தது.

பி6. ஏ6. அவள் யானையை எச்7க்கும் ஜி7க்கும் மாற்றி மாற்றி வைத்தாள். ஜெயிக்கும் வழி தேடுகிறாளா, ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி சேர்த்துக்கொள்கிறாளா தெரியாது. எனக்கு 2 நிமிடம் இருந்தது, அவளுக்கு 5. மூவ்களை எழுதிவரும் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தேன். யானை எச்7இல், என் யானை பி6இல், அவள் முறை, இதே நிலை ஏற்கெனவே இரண்டு தடவை வந்துவிட்டது. இன்னொரு முறை பி6 ஆடினால் மூன்றாவது தடவை. டிரா கிளெய்ம் செய்யலாம், அதாவது விதிப்படி டிரா கேட்கலாம்.

யானையைத் தூக்கி பி6இல் வைத்தேன். கிளாக்கை அழுத்தினேன். கையை உயர்த்தினேன்.

ஆர்பிட்டர் மேடம் வந்தார். கிளாக்கை நிறுத்தினார். "மூணாவது தடவை வந்திருச்சு மேடம், டிரா கேக்கறேன்" என்றேன். அவர் போர்டைப் பார்த்தார், கிளாக்கைப் பார்த்தார், இப்போது யாருடைய முறை என்று கேட்டார். "அவங்க முறை" என்று சொல்லும்போதே எனக்குள் ஏதோ இறங்கியது.

"நீங்க மூவை ஆடி முடிச்சிட்டீங்களேம்மா. இனிமே நீங்க கிளெய்ம் பண்ண முடியாது. அவங்க பண்ணலாம்."

எதிரே இருந்தவள் கிளெய்ம் செய்ய ஏன் போகிறாள், அவள்தானே ஜெயிக்கப் பார்க்கிறாள். மேடம் விளக்கினார், குரலில் கடுமை இல்லை. என் கோரிக்கை டிரா ஆஃபராக எடுத்துக்கொள்ளப்படும், எதிராளிக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தவறான கிளெய்ம் என்பதால் அவள் கடிகாரத்தில் 2 நிமிடம் கூட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

இதை எத்தனை பேர் தெரியாமல் ஆடுகிறார்களோ என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன். நீங்கள் ஆடப்போகும் மூவால் ஒரு நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், காயைத் தொடாதீர்கள். அந்த மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள். கிளாக்கை நிறுத்துங்கள். ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, எழுதிய மூவைக் காட்டி, இதை ஆடப்போகிறேன், நிலை மூன்றாவது முறை வருகிறது என்று சொல்லுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த மூவுக்கான உரிமை போய்விடும். எதிராளி ஆடியதால் மூன்றாவது முறை வந்திருந்தால், உங்கள் முறை தொடங்கியதும் எதையும் தொடாமல் சொன்னால் போதும். மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை. இடையில் வேறு மூவ்கள் இருக்கலாம். ஆனால் மூன்று முறையும் ஒரே ஆளின் முறையாக இருக்க வேண்டும், கோட்டை கட்டும் (ராஜாவும் யானையும் ஒரே மூவில் நகரும் காஸ்லிங்) உரிமைகளும் மாறாமல் இருக்க வேண்டும். சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் 50 மூவ் ஆனதைக் கேட்பதற்கும் இதே வழிமுறைதான்.

ஏன் எனக்குக் கை அப்படிப் போனது என்று பிறகு யோசித்தேன். மூவை ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும், முன்கூட்டி எழுதக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். விதியும் அப்படித்தான். டிரா கிளெய்ம் செய்யும்போது மட்டும் அது தலைகீழ், முதலில் எழுத வேண்டும். விதிவிலக்கை யாரும் பயிற்சி செய்து பார்ப்பதில்லை. மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் இப்போது நான் இதை ஆடிக் காட்டவைக்கிறேன். போர்டு வைத்து, கிளாக் வைத்து, ஒருத்தி ஆர்பிட்டர். எழுது, நிறுத்து, கூப்பிடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடம் என் ஸ்கோர் ஷீட்டைக் கையில் எடுத்தபோது 53ஆவது மூவ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததை நானே பார்த்தேன். அவசரத்தில் எழுத விட்டுப்போயிருந்தது. நான் கிளெய்மைச் சரியான முறையில் கேட்டிருந்தால்கூட அந்த ஓட்டை ஷீட்டை வைத்து நிரூபிக்கத் திணறியிருப்பேன். ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசி மூவ் வரை எழுதியே ஆக வேண்டும், நேரம் எவ்வளவு குறைந்தாலும் விலக்கு இல்லை. அந்த 30 விநாடியில் இரண்டு விநாடி எழுதுவதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

கடிகாரம் திரும்ப ஓடத் தொடங்கியது. அவள் ஒன்றரை நிமிடம் யோசித்தாள். நான் மேசைக்கு அடியில் சால்வையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கோபம் யார் மேலும் இல்லை, ஆனால் உடம்பு அதைப் புரிந்துகொள்ளவில்லை. மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து நான்கு மடக்கு தண்ணீர் குடித்தேன்.

அப்போது ஜார்ஜியா நாட்டின் பத்தூமியில் நடந்த இறுதி ஆட்டம் நினைவுக்கு வந்தது. 2025 ஜூலையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் கொனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் ஆடினார்கள். ஹம்பிக்கு 38, திவ்யாவுக்கு 19. ஹம்பியும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். 2002இல் அவர் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது செய்தித்தாள் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டினேன். அதற்கு முந்தைய பக்கத்தில், பெண்களுக்கென்றே தனியாக உள்ள 'வுமன் கிராண்ட்மாஸ்டர்' பட்டத்தை 2001இல் நாட்டிலேயே முதலில் வாங்கிய நம் சென்னை விஜயலட்சுமியின் படம். குழந்தை பிறந்து, ஆட்டத்தை விட்டு விலகியிருந்து, திரும்பி வந்து 2019இலும் 2024இலும் பெண்கள் ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) உலகப் பட்டம் வாங்கியவர் ஹம்பி. பத்தூமியில் முதல் இரண்டு ஆட்டமும் டிரா, பிறகு வெற்றியாளரை முடிவுசெய்ய ரேபிட் டை பிரேக். முதல் ரேபிட்டும் டிரா. இரண்டாவதில் நேர நெருக்கடியில் ஹம்பி தவறினார், கறுப்பில் ஆடிய திவ்யா ஜெயித்தாள், அந்தக் கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் அவளுக்கு வந்தது. அதை மகளோடு பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இப்போது என் எதிரே ஒரு பத்தொன்பது வயது. நான் அந்த நினைவைத் தள்ளிவிட்டு போர்டை மட்டும் பார்த்தேன்.

அவள் கை வந்தது. சிப்பாயைத் தொட்டாள். இ6. சிப்பாயைக் கட்டத்தின் நடுவில் திருகி நிறுத்தும்போது அந்தக் கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன். அதுவரை அவள் பதற்றப்படுவாள் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

முதலில் எழுதினேன், அவள் மூவை. பிறகு யானையின் தலையில் விரல் வைத்தேன். அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி போர்டில் உரசும் சத்தம் கேட்க, பி6லிருந்து நேரே கீழே இழுத்துக்கொண்டு போய் பி1இல் வைத்தேன். தூக்கியே வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் அதைக் கையை விட்டு எடுக்க மனமில்லை.

அவள் ராஜா டி6க்கு ஏறியது. அடுத்து யானை எச்8 வந்தால் எனக்கு மேட். டி1இல் செக். அவள் இ5க்கு இறங்கினாள், இ1இல் செக். எஃப்6 போனாள், எஃப்1இல் செக். ஜி6, ஜி1. ஒவ்வொரு முறையும் மேட் இருக்கிறதா, என் யானையை அவள் ராஜாவோ யானையோ தொட முடியுமா, இந்த இரண்டு கேள்வியை மட்டும் உதடு அசையக் கேட்டுக்கொண்டு ஆடினேன். கடிகாரத்தில் எனக்கு 50 விநாடி, 70 விநாடி, 45 விநாடி. ராஜா சிப்பாயை விட்டு விலகினால் மேட் மிரட்டல் இல்லை, நெருங்கினால் செக். அவள் இரு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டாள்.

78ஆவது மூவை ஆடினாள். கிளாக்கை அழுத்தாமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "டிரா?" என்று கேட்டாள். பிறகுதான் அழுத்தினாள். டிரா கேட்க வேண்டிய முறை அதுதான். காய் வைத்து, கேட்டு, அழுத்த வேண்டும். எதிராளி யோசிக்கும்போது கேட்பது தொந்தரவு. மறுத்த பிறகு திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படியே. நான் கை நீட்டினேன். இருவரும் ஸ்கோர் ஷீட்டில் அரை, அரை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். 160 புள்ளி வித்தியாசத்தில் டிரா செய்ததால் எனக்குக் கூடியது 4.2. ராஜாக்களை நடுக் கட்டங்களில் வைத்துவிட்டு எழுந்தேன். முழங்கால் நிமிர ஒரு நிமிடம் ஆனது. மணி இரண்டே கால்.

வராந்தாவில் மகள் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்து ஜெயிச்சியா தோத்தியா என்று அவள் கேட்க வாய் எடுத்ததைப் பாட்டி தடுத்துவிட்டார். "மொதல்ல சாப்பிடு கண்ணு" என்றார் என்னிடம். ஆனால் நான் சாப்பிடவில்லை. அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கலாமா?" என்றாள். மகளின் மடக்குப் போர்டைப் பாயில் விரித்தோம். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆனது.

மூன்றுக்கு இரண்டு இருந்த நிலையை வைத்து, "இங்க எச் சிப்பாயை நான் மாத்தியிருக்கவே கூடாதுக்கா. நீங்க மாத்தணும்னுதான் ஆடறீங்கனு தெரிஞ்சும் மாத்திட்டேன்" என்றாள். எனக்கு ஆச்சரியம். ஆட்டத்தின்போது அவள் எதற்கும் அசராத ஆள் மாதிரி இருந்தாள். என் 31ஆவது மூவுக்குப் பதிலாகக் குதிரையைப் பின்னுக்கு இழுத்திருந்தால் சிப்பாய் போயிருக்காது என்பதையும் அவள்தான் காட்டினாள். தோற்றோ டிரா செய்தோ வெளியே வந்ததும் உடனே எஞ்சினை (ஆட்டத்தை அலசும் செஸ் மென்பொருளை) திறப்பதைவிட எதிராளியோடு உட்கார்வது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் நல்ல மூவைச் சொல்லும். அந்த மூவை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்பதை, அதே நான்கு மணி நேரம் எதிரே உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். பையன்களோடு ஆடும்போது பலமுறை அவர்கள் அப்பாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இது எனக்கு அரிதாகக் கிடைப்பது.

கிளெய்ம் பற்றிக் கேட்டேன். "எனக்கும் தெரியாதுக்கா, அந்த மேடம் சொன்னப்பதான் தெரியும். நானா இருந்தாலும் ஆடிட்டுதான் கை தூக்கியிருப்பேன்" என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை கொடுத்தேன். ஆறாவது சுற்று மூன்றரைக்கு. சாப்பிட நேரமில்லாமல் இரண்டு பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு ஒன்பது வயதுப் பையனிடம் 22 மூவில் தோற்றேன். ஒரே நாளில் இரண்டு நீண்ட சுற்று இருந்தால் இடையில் சோறும் இருபது நிமிடம் கண்மூடிப் படுப்பதும் வேண்டும், அலசலை இரவுக்குத் தள்ளிவைக்கலாம். இப்போது தயிர்சாதம், வாழைப்பழம், கடலை மிட்டாய் மூன்றையும் பையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

அன்று பாயிலிருந்து நான் எழும்போது அவள் எழவில்லை. மகளிடம், "பாப்பா, நீ வெள்ளை வெச்சுக்கோ, நான் கறுப்பு" என்று சொல்லி ஃபிலிடோர் நிலையைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். ராஜா இ8, யானை பி6, ஒவ்வொன்றையும் கட்டத்தின் நடுவில் திருகி நிறுத்தி. மகள் எடுத்த எடுப்பில் சிப்பாயை இ6க்குத் தள்ளினாள். அவள் யானையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேரா கீழதானேக்கா?"

நேராகக் கீழே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.